மேலிருந்து மூன்றாவது சர்வர் எது?

தரவு மையத்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது. கையிலிருந்த பணி ஆணையில் ஒரே வரி: "மேலிருந்து மூன்றாவது சர்வரில் பழுதான இடப்பக்கப் பவர் சப்ளையை மாற்றவும்." சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் அலமாரியான ரேக்கின் பின்கதவைத் திறந்தேன். உச்சியில் நெட்வொர்க் சுவிட்ச் இருந்தது. அதையும் சேர்த்து எண்ணுவதா? இடப்பக்கம் என்றால் முன்னால் நின்று பார்க்கும்போதா, பின்னால் நின்றா?

ஆணையை எழுதியவரைத் தொலைபேசியில் பிடித்து, அந்தச் சர்வரின் அடையாள விளக்கை எரியவிடச் சொன்னேன். நான் எண்ணி வைத்திருந்ததற்கு அடுத்த சர்வரில் நீல விளக்கு மின்னியது. தவறான சர்வரில் ஒன்றைக் கழற்றியிருந்தாலாவது அதன் இன்னொரு பவர் சப்ளை தாங்கியிருக்கும். சரியான சர்வரில் பக்கம் மாறியிருந்தால், பழுதானது மட்டுமே மிஞ்சி, அந்த நொடியே அது அணைந்திருக்கும்.

தரவு மையக் களப்பணியில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை கை செய்தவை அல்ல, காகிதம் செய்தவை. ரேக்கில் ஒவ்வொரு 44.45 மில்லிமீட்டர் உயரமும் ஒரு 'யூ'. வழக்கமான ரேக்கில் 42 யூ இருக்கும். ரேக் எண், யூ எண், சீரியல் எண், முன்புறமா பின்புறமா என்ற நான்கையும் எழுதிவிட்டால் எண்ணும் வேலையே இல்லை.

மின் இணைப்பு இன்னும் நயவஞ்சகமானது. ஏ, பி என இரு மின்வழிகள் இருந்தும், ஒரு சர்வரின் இரண்டு கேபிள்களும் ஏ வழியிலேயே செருகப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏ வழியைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள்வரை அது யாருக்கும் தெரியாது. சுமையும் அப்படித்தான். ஒரு வழி விழுந்தால் மொத்தச் சுமையும் மற்றதன் மேல் இறங்கும். இரண்டிலும் பாதிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் இரண்டாவதும் துண்டித்துக்கொள்ளும். புதிய கருவி வருவதற்கு முன்பே இரு வழிகளின் அளவீடுகளையும் கேட்டு வாங்குங்கள்.

ஒளியால் தரவு கடத்தும் ஃபைபர் கேபிளுக்கு நேரம் ஒதுக்காத திட்டங்கள் எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகின்றன. ஒற்றைமுறை (சிங்கிள்-மோட்) என்ற வகை ஃபைபரில் ஒளி செல்லும் உட்கரு சுமார் 9 மைக்ரான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். உறை பிரித்த புதுக் கேபிளிலும், மூடியிலிருந்தே ஒட்டிய தூசி இருக்கலாம். நுண்நோக்கியில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்த பிறகே செருக வேண்டும், அதுவும் இரு முனைகளிலும். செருகுவதற்கு மட்டும் நிமிடக் கணக்குப் போட்டால், அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்தத் துடைப்புதான்.

எத்தனை மணிக்குள் முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது, அந்த முடிவை யார் எடுப்பது என்பதும் தாளில் இருக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் களைத்த மனிதர்கள் விவாதிக்கும் விஷயம் அல்ல அது.

இப்போதெல்லாம் எங்கள் திட்டத்தை, அந்த அறையைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறேன். "எந்தப் பக்கம்?" என்று அவர் நிறுத்தும் வரிகளையெல்லாம் திருத்திய பிறகுதான் தேதி குறிக்கிறோம்.