ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் கால் மடங்கினால்

கூடைப்பந்து லீக் நடக்கும் மாதங்களில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பேன். "அடிபட்டபோது ஸ்கோர் என்ன?"

சிகிச்சைக்கும் ஸ்கோருக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் விழிப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. இருபது பாயின்ட் பின்தங்கிய ஆட்டத்தில் கால் மடங்கியவர் உடனே வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் மடங்கியவர் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போயிருப்பார். ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் கூடுதல் ஐந்து நிமிடமும் ஆடியிருப்பார். ஒரே மாதிரி சுளுக்குதான், ஆனால் மறுநாள் காலையில் இருவரின் கணுக்காலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால்தான் கேட்கிறேன்.

நான் பேசுவது தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றி அல்ல. கல்லூரியில் ஆடிவிட்டு, வேலை, குடும்பம் என்று ஆன பிறகும் வாரம் ஒரு நாள் பந்தைத் தொடாமல் இருக்க முடியாதவர்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள், நாற்பதை நெருங்குபவர்கள். வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஏழாவது நாள் நாற்பது நிமிடம் ஓடுபவர்கள். இவர்கள் ஆடக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த வயதில் ஒரு அணியும், காத்திருக்க ஒரு ஆட்டமும் இருப்பது உடம்புக்கும் மனசுக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தினமும் பார்க்கிறேன். இவர்கள் ஐம்பதிலும் ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்த ஆட்டத்தின் அமைப்பே நெருக்கமான முடிவுக்குத் தோதானது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர். நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். அதற்குள் ஃபவுல்கள் ஏறியிருக்கும், யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ வரும், டைம்-அவுட் வரும். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் என்பது நிஜத்தில் பல மடங்கு நீளும். நிற்பதும், திடீரென்று முழு வேகத்தில் ஓடுவதும், மறுபடி நிற்பதுமாக அந்த நேரம் போகும். களைத்துப்போன தசைகளிடம் மிகக் கடினமான வேலையைக் கேட்பது அப்போதுதான். குதித்து இறங்கும்போது முழங்கால் போதுமான அளவு மடங்காது, உள்பக்கமாகச் சாயும். கண்ணோ பந்தின் மேல் இருக்கும். பாதம் எங்கே இறங்குகிறது என்பதைக் கவனிக்க ஆள் இல்லை.

கூடைப்பந்தில் மிக அதிகமாகக் காயப்படுவது கணுக்கால்தான். கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, எழும்பி இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்குவது, பாதம் உள்பக்கம் மடங்கி வெளிப்பக்கத் தசைநார் இழுபடுவது, இதுதான் வழக்கமான கதை. பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஆஸ்திரேலியாவில் நடத்தி 2001-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே கணுக்காலில் அடிபட்டவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று தெரியவந்தது. சரியாக ஆறாத சுளுக்குதான் அடுத்த சுளுக்குக்குக் கதவைத் திறந்துவைக்கிறது. ஒரு சீசனில் மூன்று முறை மடங்குபவர்கள் "என் கணுக்காலே வீக்" என்பார்கள். முதல் முறை மடங்கியதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அடுத்த வாரம் ஆடினோம் என்பார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் வேண்டாம். முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர், அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். அரையிறுதி, இரண்டு பாயின்ட் முன்னிலை, மூன்று நிமிடம் பாக்கி. ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் குதித்துப் பந்தைப் போடும் லே-அப் முடிந்து இறங்கும்போது பாதம் மடங்கியது. நொண்டிக்கொண்டே டிஃபென்ஸுக்குப் போனார். வேறு யாரும் பந்தை மேலே கொண்டுவரப் பழகியிருக்கவில்லை, அதனால் கேப்டனும் மாற்றவில்லை. அணி ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தபோது வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பின் மேடே தெரியாத அளவுக்கு வீக்கம். ரத்தக்கட்டு விரல்வரை இறங்கிக் கறுத்திருந்தது. எலும்பின் பின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினேன், காலை உதறி இழுத்துக்கொண்டார். அந்த ஒரு இடத்தின் வலிதான் அவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பக் காரணம். எலும்பில் விரிசல் இருந்தது. இறுதிப் போட்டியை அவர் கட்டுப் போட்ட காலோடு வெளியில் உட்கார்ந்து பார்த்தார்.

இந்தப் பரிசோதனை ரகசியம் ஒன்றும் இல்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1990-களில் உருவாக்கி, உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளின் நுனியிலோ பின் விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியில் வலிக்கிறதா? உள்பக்கம், பாத வளைவின் மேலே துருத்தும் எலும்பில் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டாவது நான்கு அடி நடக்க முடிந்து, எலும்பிலும் வலி இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அணியில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும். அடிபட்ட இடத்தை அங்கேயே நீவிவிட்டு, முறுக்கிப் பார்த்து, "இப்ப சரியாயிடுச்சு, போ" என்று அனுப்பும் நண்பர் மட்டும் வேண்டாம்.

அடுத்தது குதிகாலின் பின்னால் இருக்கும் அக்கிலிஸ் தசைநாண். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள், எப்போதாவது விளையாடுபவர்கள், நின்று நின்று பாயும் ஆட்டங்கள்: இது அறுவது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான். அறுந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. 2013 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் என்பிஏ லீக் நட்சத்திரம் கோபி பிரையன்ட்டுக்கும் இதுதான் நடந்தது. அப்போது அவருக்கு 34 வயது. பிளே-ஆஃபுக்குள் நுழையப் போராடிக்கொண்டிருந்த லேக்கர்ஸ் அணிக்காக முந்தைய ஆட்டங்களில் கிட்டத்தட்ட முழு நேரமும் ஆடியிருந்தார். கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் சுமார் மூன்று நிமிடம் மீதம் இருந்தபோது தசைநாண் அறுந்தது. அறுந்த காலோடு நின்று இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டுவிட்டு நடந்து வெளியேறினார். ஆட்டத்தை லேக்கர்ஸ் 118-116 என்று ஜெயித்தது.

அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவைப் பார்த்து எல்லாருக்கும் புல்லரிக்கிறது. எனக்கும்தான். ஆனால் என்னிடம் வருபவர்கள் அதை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்வதுதான் கவலை. அவர் அன்றைக்கே மருத்துவர்கள் கையில் இருந்தார், மறுநாளே அறுவை சிகிச்சை. நம் ஆட்களோ, நடக்க முடிகிறதே, அறுந்திருக்காது என்று வாரக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார்கள். தசைநாண் முழுதாக அறுந்தாலும் தடுமாறி நடக்க முடியும், ஏனென்றால் பாதத்தைக் கீழே அழுத்த வேறு சிறு தசைகளும் இருக்கின்றன. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கத்தான் முடியாது. அடிபட்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்போது கெண்டைக்கால் தசையைப் பிசைந்து பார்ப்போம். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. நாள் தள்ளத் தள்ள அறுந்த இரு முனைகளும் விலகிப் போகும், சிகிச்சை கடினமாகும்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட பிறகு அவசரப்பட்டு இறங்குவதிலும் கவனம் தேவை. 2019 என்பிஏ இறுதித் தொடரில் கெவின் டுரான்ட்டுக்கு, கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியில் இருந்துவிட்டு வந்த முதல் ஆட்டத்திலேயே அதே காலில் அக்கிலிஸ் அறுந்தது. 2025-இல் டைரீஸ் ஹாலிபர்ட்டன் கெண்டைக்கால் காயத்தோடு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இறங்கினார், அவருக்கும் அதே கதி. முதல் காயம்தான் இரண்டாவதுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உலகின் மிகச் சிறந்த மருத்துவக் குழுக்கள் பக்கத்தில் இருந்தும் இப்படி நடக்கிறது என்றால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கும் ஒருவர் எதை நம்பி இறங்குகிறார்? இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் தசைநாண் அறும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை. சமீபத்தில் எடுத்திருந்தால், ஆடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே ஆடுங்கள்.

முழங்காலுக்கு வருவோம். யாரும் மோதாமலேயே, நின்று திரும்பும்போது உள்ளே "டப்" என்று ஒரு சத்தம், ஓரிரு மணி நேரத்துக்குள் வீக்கம் என்றால் ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கத் தசைநார், அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வலி சீக்கிரம் குறைந்துவிடலாம், ஏமாந்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்தால் குறைந்தது ஒன்பது மாதமாவது மைதானத்தை மறக்க வேண்டும்.

விரலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பந்து நுனியில் பட்டு, விரலின் கடைசிக் கணு தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் அது வெறும் அடி அல்ல, தசைநாண் அறுந்திருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரம் இரவும் பகலும் பட்டை வைத்து நேராகவே வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு முறை மடக்கினாலும் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

இதையெல்லாம்விட முக்கியமானது நெஞ்சு. ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் ஸ்கோர் எதுவானாலும் வெளியே வந்துவிட வேண்டும். ஒருவர் மோதாமலேயே சரிந்து விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, வாய் மட்டும் மீன்போலத் திறந்து திறந்து மூடுகிறது என்றால் அதை மூச்சு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அது இதயம் நின்றதன் அறிகுறி. ஆம்புலன்ஸை அழைக்க ஒருவர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருந்தால் எடுத்துவர ஒருவர், நெஞ்சின் நடுவில் ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்த ஒருவர். மைதானத்தில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சீசன் தொடங்கும் முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, அணி என்ன செய்யலாம்? நான் கேப்டன்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். யார் எப்போது வெளியே வர வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நெருக்கமான ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அடிபட்டவரிடமே "ஆட முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்றுதான் சொல்வார். வலியைவிட அந்தப் பரபரப்பு பெரிது, பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. அதனால் களத்தில் இல்லாத ஒருவரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். அவர் கை காட்டினால் வெளியே வந்துவிட வேண்டும், வாக்குவாதம் கிடையாது. தலையில் அடிபட்டுத் தடுமாறியவர் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். விதி உங்கள் பக்கம் இருக்கிறது: கூடைப்பந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே போனவர் திரும்பி வரலாம். மாற்று ஆள் இல்லாமல் போனால் நான்கு பேரோடும் ஆட்டத்தைத் தொடர விதி அனுமதிக்கிறது. தோற்கலாம், தோற்றால்தான் என்ன?

நான்காவது குவார்ட்டரில் கால் இருக்க வேண்டுமென்றால் இரண்டாவதிலேயே அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஏழு பேர் வந்திருந்தால் ஏழு பேரும் முதல் பாதியில் சுற்றி வரட்டும். பந்தை மேலே கொண்டுவர இரண்டாவதாக ஒருவரைப் பயிற்சியில் பழக்குங்கள். நான் சொன்ன அந்த பாயின்ட் கார்டுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது ஆள்தான்.

அப்புறம், அடுத்த வாரம் ஆடலாமா என்ற கேள்வி. வீக்கம் வடிந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், நல்ல கால் அளவுக்கு வருகிறதா? கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் முன்னும் பக்கவாட்டிலும் குதித்து இறங்கும்போது பயமில்லாமல் இறங்குகிறீர்களா? டிஃபென்ஸில் நகர்வதுபோல் பக்கவாட்டில் வேகமாகப் போய்ச் சட்டென்று திசை மாற்ற முடிகிறதா? இதில் ஒன்று தட்டினாலும் இன்னொரு வாரம் பொறுங்கள். திரும்பி வந்த பிறகும் கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸைப் பல மாதங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளி ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில் அதைப் போட்டவர்களின் கணுக்கால் காயங்கள், போடாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. குதிகால் தூக்கும் பயிற்சியை மட்டும் சீசன் முடிந்தாலும் விடாதீர்கள். பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று செய்தாலே போதும்.