குருத்தணு: சொல்லும் பொருளும்

இதயச் செயலிழப்புக்கு ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டதாகக் கைப்பேசியில் ஒரு காணொளி சுற்றிய நாளில், தக்கலையில் இருக்கும் என் தாய்மாமா, “முதுகுத் தண்டிலேருந்து எடுத்து நெஞ்சில வைப்பாங்களாமே மக்களே, தாங்குமா?” என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இதயம் தளர்ந்திருக்கிறது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாலையில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். காணொளியில் அவர் கேட்ட சொல் ‘தண்டுச் செல்’ என்பது. தண்டு என்றதும் தண்டுவடத்தை நினைத்துக்கொண்டது அவர் பிழையன்று, அந்த மொழிபெயர்ப்பின் பிழை. வேறு வேறு அணுக்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்லுக்குக் ‘குருத்தணு’ என்ற சொல்லே பொருந்தும் என்பது என் கருத்து.

சொல்லின் வேர் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. 1868இல் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் என்ற உயிரியலாளர், எல்லா உயிர்களுக்கும் மூதாதையாக இருந்திருக்கக்கூடிய ஓரணு உயிரை ‘ஸ்டாம்செல்லெ’ என்றழைத்தார். ‘ஸ்டாம்’ என்பதற்கு மரத்தின் அடி என்றும் குலம் என்றும் இரு பொருள் உண்டு. அவர் கருதியது குலத்தை, அதாவது நாம் கொடிவழி என்று சொல்வதை. ஆங்கிலத்தின் ‘ஸ்டெம்’ அதிலிருந்து வந்தது. குலம் என்ற பொருளை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டதால் ‘தண்டுச் செல்’ பிறந்தது. ‘மூல உயிரணு’ என்போரும் உண்டு. அது பொருளுக்கு நெருக்கமானதே, ஆனால் கண்முன் எதையும் நிறுத்துவதில்லை.

குருத்து அப்படியன்று. குமரி மாவட்டத்தில் குருத்தோலை ஞாயிறன்று தென்னையின் இளம் ஓலையைக் கையில் ஏந்தி ஊர்வலம் போகாத ஊர் குறைவு. மட்டி வாழையின் இளங்கன்றை அரிவாளால் குறுக்கே வெட்டிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வெட்டுவாயின் நடுவிலிருந்து வெளிர்பச்சைச் சுருள் ஒன்று விரல் நீளத்துக்கு மேலெழும்பி நிற்கும். நாம் வாழைத்தடி என்று தொடுவது இலைக்காம்புகளின் அடிப்பட்டைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் உருளை மட்டுமே. இலையைப் பிறப்பிக்கும் வளர்நுனி கீழே கிழங்கில் இருக்கிறது. அந்த நுனி இலையைத் தருகிறது, பின்னர் குலையைத் தருகிறது. இலையை விடும் காலம் முழுவதும் தானும் தீராமல் இருக்கிறது. தன்னைப் போன்றதை உண்டாக்கித் தன் இனத்தை நிலைநிறுத்திக்கொள்வதும், வேறு வேறு பணிகளுக்குரிய அணுக்களாக மாறக்கூடியவற்றைப் பெற்றெடுப்பதுமே ஸ்டெம் செல்லின் இலக்கணம். ஆகவே ‘குருத்தணு’ என்ற சொல் இங்கே உவமையைக் கடந்து பொருளையே சொல்லிவிடுகிறது. தாவரத்தின் வளர்நுனியில் இருப்பவையும் அறிவியல்படி ஸ்டெம் செல்களே. அணு என்றது உயிரணுவின் சுருக்கம். குருத்தெலும்போடு மட்டும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மூக்கு நுனியிலும் காது மடலிலும் இருக்கும், எலும்பைவிட மென்மையாக வளையும் திசு.

உடலில் குருத்தணு இருப்பதை முதலில் உறுதியாகக் காட்டியவர்கள் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும். 1961இல், கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்தியபோது மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் எழுந்தன; ஒவ்வொரு முடிச்சும் ஓரணுவின் வழித்தோன்றல். இன்று இரத்தப் புற்றுக்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்றம் இந்த அணுக்களை நம்பி நடக்கிறது.

இதயத்தின் நிலை வேறு. செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளில்லை; உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் இறைக்க முடியவில்லை என்பதே பொருள். மாரடைப்பில் இறந்த தசை மீண்டும் முளைப்பதில்லை, அவ்விடத்தில் தழும்பே கட்டுகிறது. இதயத் தசையணுக்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும்தான் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஏறுவதற்காகத் தென்னந்தடியில் வெட்டிய படி, மரம் உள்ளவரை மூடாமல் அப்படியே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அந்தக் காயத்தில் குருத்து நடும் முயற்சியே இதயத்துக்கான குருத்தணு ஆய்வு. மஜ்ஜையிலிருந்து எடுத்துச் செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை இதயத்தில் தங்குவதில்லை. அவற்றால் நன்மை விளைந்தாலும், அவை தசையாக மாறியதால் அன்று, சுரக்கும் பொருள்களால்தான் என்றே கருதப்படுகிறது. 2023இல் வெளியான, 537 நோயாளிகளைக் கொண்டு செய்த ஒரு பெரிய சோதனையில், இதயச் செயலிழப்பால் மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வது குறையவில்லை. ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனக்கா 2006இல் எலியின் சாதாரண அணுக்களையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டியபின் இன்னொரு வழி திறந்தது. மனித அணுக்களிலும் அது கைகூடியபின், அவ்வாறு வளர்த்த இதயத் தசை ஏடுகளை ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2020இல் நோயாளி ஒருவரின் இதயத்தின்மேல் பொருத்தினர். இவை துடிக்கும் அணுக்கள். ஆனால் புதிய தசை பழைய தசையோடு தாளம் சேராவிட்டால் இதயத்துடிப்பு சீர்குலையக்கூடும் என்ற கவலை இன்னும் இருக்கிறது.

எனவே ‘குருத்தணு’ என்ற சொல்லைத் தயங்காமல் ஆளலாம். அதன் பின்னால் ஒட்டும் ‘சிகிச்சை’ என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்று வெளியிட்ட 2007ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் ஆய்வு, சிகிச்சை என்ற இரண்டு சொற்களும் இருந்தன. 2013இல் சிகிச்சை என்ற சொல் நீக்கப்பட்டது. இதயத்துக்கு இதைச் செய்வதானால் பதிவு செய்யப்பட்ட சோதனையாகவே செய்ய வேண்டும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதும் நெறி. மாமாவிடம் இதைச் சொன்னேன். காணொளியில் கேட்ட தொகை மூன்று லட்சம் என்றார்.