நினைவுத் தங்கக் காசு வாங்கலாமா? ஒரு நகை மதிப்பீட்டாளரின் கணக்கு

வங்கிகளுக்கு அடகு நகை மதிப்பிட்டுத் தருவது என் தொழில். நகைக்கு நடுவே இப்போதெல்லாம் காசும் வருகிறது. காசோடு ஒரு கேள்வியும் வருகிறது: "வெளிநாட்டு நினைவு நாணயம் ஒன்று கிடைக்கிறது. சுத்தத் தங்கம்தான். விலைதான் கொஞ்சம் கூடுதல். வாங்கலாமா ஐயா?"

கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பள்ளி நாட்களிலிருந்து தபால் தலையும் காசும் சேர்த்தவர்கள். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மகனோ மகளோ லண்டனிலோ துபாயிலோ இருந்துகொண்டு, "சொல்லுங்கள் அப்பா, வாங்கி வருகிறேன்" என்கிறார்கள். ஆசைக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. அதனால்தான் இந்தக் கணக்கை எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

எந்த நினைவுத் தங்கக் காசின் விலையையும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, உள்ளே இருக்கும் தங்கம். மற்றொன்று, அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் தொகை. அது அச்சின் அழகுக்காக, நினைவுகூரப்படும் மனிதருக்காக, பெட்டிக்காக, சான்றிதழுக்காக. முதல் பகுதி எந்த ஊரிலும் பணமாகும். இரண்டாவது பகுதி, உங்களைப் போலவே ஆசைப்படும் இன்னொரு சேகரிப்பாளர் கிடைத்தால் மட்டுமே திரும்பி வரும்.

2014-இல் அமெரிக்க நாணயச் சாலை, முன்னாள் அதிபர் கென்னடியின் தலை பொறித்து வெளியிட்ட தங்க அரை டாலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான கென்னடி காசின் 50-ஆம் ஆண்டையொட்டி, முக்கால் அவுன்ஸ், அதாவது சுமார் 23.3 கிராம், 24 கேரட் தங்கத்தில் அடித்தார்கள். தொடக்க விலை 1,240 டாலர். அன்றைக்கு ஓர் அவுன்ஸ் தங்கம் 1,290 டாலரை ஒட்டி இருந்தது. அப்படியானால் காசுக்குள் இருந்த தங்கம் சுமார் 970 டாலர்தான். மீதி 270 டாலர் கதைக்கான விலை. எத்தனை காசு அடிப்போம் என்று அவர்கள் உச்சவரம்பும் வைக்கவில்லை. ஆனாலும் சிகாகோ அருகே நடந்த நாணயக் கண்காட்சியில் கூட்டம் முண்டியடித்தது. வரிசையில் நிற்கவே ஆட்களுக்குக் கூலி கொடுத்தார்கள். நெரிசலைக் கண்டு நாணயச் சாலை சில நாட்களிலேயே நேரடி விற்பனையை நிறுத்தியது. அங்கே முதலில் விற்ற காசு ஒரு லட்சம் டாலருக்குக் கைமாறியது என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வாரம் வாங்கியவர்களுக்கு அந்த விலை கிடைக்கவில்லை.

அந்தக் காசை வாங்கியவர் நட்டப்பட்டாரா? இல்லை. பத்து ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், அவுன்ஸ் விலை 2,400 டாலரைத் தாண்டியிருந்தது. உருக்கினாலே 1,800 டாலருக்கு மேல் தேறும். ஆனால் அதே 1,240 டாலருக்கு அன்று வெறும் தங்கக் கட்டி வாங்கியிருந்தால், அது 2,300 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். லாபத்தைக் கொடுத்தது தங்கம், கென்னடி இல்லை. "நினைவு நாணயம் நல்ல முதலீடு" என்று சொல்கிறவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்து காட்டுவதே இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இனி நம் ஊர் நிலவரம். அடகுக் கவுன்டரில் எடையும் மாற்றும், அதாவது தங்கத்தின் சுத்தமும்தான் பேசும். கல்லுக்கோ வேலைப்பாட்டுக்கோ மதிப்புச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தங்க நாணயத்துக்கு ஒருவருக்கு 50 கிராம் என்ற வரம்பும் உண்டு. வெளிநாட்டுக் காசு என்றாலே பல கிளைகள் கையை விரித்துவிடுகின்றன. வங்கிகள் தாங்கள் விற்ற காசையே திரும்ப வாங்குவதில்லை. நகைக் கடைக்குப் போனால் எடை போட்டு, மாற்றுப் பார்த்து, அன்றைய விலையில் கொஞ்சம் கழித்துக் கொடுப்பார்கள். காசில் இருப்பது கென்னடியா, அசோகச் சக்கரமா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. வேலூரில் நினைவுக் காசை நினைவுக் காசாகவே விலை பேசும் ஆளைத் தேடினால் கிடைப்பது அரிது. சென்னையிலும் மும்பையிலும் நாணய ஏலங்கள் நடக்கின்றன. ஆனால் அங்கே ஏலக் கட்டணம் போகத்தான் உங்கள் கைக்கு வரும்.

சோதிக்கும் முறையிலேயே காசைக் கெடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஒருமுறை காட்பாடிக்காரர் ஒருவர், தந்தை விட்டுச் சென்ற ப்ரூஃப் காசைக் கொண்டுவந்தார். ப்ரூஃப் என்றால், மெருகேற்றிய அச்சால் அடித்து, தளம் கண்ணாடிபோல முகம் காட்டும் காசு. எனக்கு முன்பே ஒரு பட்டறையில் அதைக் காட்டியிருக்கிறார். அங்கே பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்து, துண்டால் துடைத்து, விளிம்பை உரைகல்லில் தேய்த்து, கோட்டின் மேல் அமிலம் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாற்றுச் சரியாகத்தான் இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். துடைத்த இடமெல்லாம் மயிரிழைக் கீறல்கள். விளிம்பில் தேய்ந்த தடம். நடுவில் பெருவிரல் ரேகை. தங்கத்தின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. சேகரிப்பாளர் கொடுக்கும் கூடுதல் தொகை மட்டும் அந்த ஒரு நிமிடத்தில் போய்விட்டது. உரைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தாலியையும் வளையலையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். இந்தக் காசைக் கூட்டைத் திறக்காமல் சோதிக்க வேண்டும். மின்தடையை அளந்து உறைக்கு வெளியிலிருந்தே உலோகத்தைக் கண்டறியும் கருவிகள் உண்டு. அது இல்லாத இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள்.

புழங்கிய பழைய பவுன் காசு வேறு விஷயம். நம் பக்கத்து வீடுகளில் ராஜா தலை, ராணி தலை போட்ட பவுன் இன்னும் இருக்கிறது. 1918-இல் பம்பாயில் அடித்தவற்றில், மறுபக்கத்தில் உள்ள குதிரையின் கீழே சிறிய ஆங்கில 'ஐ' (I) எழுத்து இருக்கும். அதைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் பதக்கமாக்க வளையம் பற்றவைத்தவையாகவே வருகின்றன. பற்றவைத்த காசு சேகரிப்பாளருக்கு ஆகாது, எடைக்குத்தான். அசலா என்று பார்க்க, 7.98 கிராம் எடை, 22 மில்லிமீட்டர் விட்டம் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். அத்துடன் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால், அசல் காசு சுமார் 0.45 கிராம் குறைத்துக் காட்டும். பித்தளையில் செய்து முலாம் பூசியதானால் குறைவு அதைப்போல் இரண்டு மடங்கு. எக்ஸ் கதிரால் உலோகத்தைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். அது மேற்பரப்பைத்தான் படிக்கிறது.

ஆற்காட்டுப் பக்கம் நிலத்தில் கிடைத்த வராகன், அதாவது பழங்காலத் தங்கக் காசு என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள். முதலில் காட்டுவது அசலாக இருக்கும், பிறகு கொடுப்பது பித்தளை. ஒருவேளை உண்மையிலேயே புதையல் என்றால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கலெக்டரிடம் போக வேண்டிய பொருள்.

விளம்பரங்களில் '24 கேரட் தங்க முலாம்' என்று சிறிய எழுத்தில் போடுகிறார்கள். முலாமில் இருக்கும் தங்கத்துக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. நம் அரசு வெளியிடும் நினைவு நாணயங்களும் பெரும்பாலும் தங்கம் இல்லை; தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியான ஆயிரம் ரூபாய் நாணயம் 80 விழுக்காடு வெள்ளி. அதைத் தங்கமுலாம் பூசி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மகன் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதானால், விமான நிலையத்தில் தங்கத்துக்கான வரிச் சலுகை நகைக்கு மட்டும்தான். காசுக்கு வரி கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அச்சின் மேல் உண்மையான ஆசை இருக்கிறது, தங்க மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகை திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால், தாராளமாக வாங்குங்கள். பேத்தியின் கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணம் என்றால் வேண்டாம். ரசீதோடு சாதாரண 24 கேரட் காசோ, ஹால்மார்க் நகையோ வாங்குங்கள்.

வாங்கிவிட்டால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சேகரித்தவர் போன பிறகு, வீட்டுப் பெண்கள் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, காசை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு உருக்கக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே ஒரு தாளில், காசின் பெயர், ஆண்டு, எடை, மாற்று, வாங்கிய விலை, விற்க வேண்டுமானால் எந்த ஏல நிறுவனத்தை அணுகுவது, கூட்டைத் திறக்கக் கூடாது என்பது எல்லாவற்றையும் தமிழில் எழுதி, ரசீதோடும் சான்றிதழோடும் சேர்த்து வையுங்கள். மனைவியிடமும் மகளிடமும் அந்தத் தாளை ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.