அஞ்சாவது டீ கப்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து முடித்தவர், காலிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரை நொடி தரையைப் பார்ப்பார். தூண் ஓரம் நாலு கப் கிடந்தால் அஞ்சாவதும் அங்கேதான் விழும். தரை பளிச்சென்று இருந்தால் அதே ஆள் தொட்டியைத் தேடுவார். அந்த அரை நொடியில் என்ன நடக்கிறது?

1990-ல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் இதை அளந்து காட்டினார்கள். நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியில் நோட்டீஸ் செருகிவிட்டு மறைந்து நின்று கவனித்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது அதைக் கீழே போட்டவர்கள் 14 சதவீதம். குப்பையைப் பரப்பி வைத்தபோது 32. அப்புறம் ஓர் ஆளை விட்டு, கார்க்காரர் கண்ணெதிரே ஒரு நோட்டீஸைக் கீழே போட வைத்தார்கள். குப்பைத் தரையில் அது 54 ஆக ஏறியது. சுத்தமான தரையில் 6 ஆக இறங்கியது! வெறுந்தரையில் ஒற்றைக் காகிதம் விழுந்தால், 'இங்கே வேறு யாரும் போடலையே' என்பதுதான் முதலில் உறைக்கிறது. குவியலில் விழுந்தால், 'எல்லோரும் போடுகிற இடம்தானே' என்று மனசு சமாதானமாகிவிடுகிறது.

2008-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இன்னொரு சோதனை. சந்தில் நிறுத்திய சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் நோட்டீஸ் மாட்டினார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அதைத் தரையில் விட்டார்கள். சுவரில் கிறுக்கியிருந்தபோது 69. இத்தனைக்கும் 'கிறுக்கக் கூடாது' என்ற போர்டு அங்கேயே இருந்தது. 'இங்கு குப்பை கொட்டாதீர்' போர்டுக்குக் கீழேயே நம் ஊரில் குப்பை மலை எழும்புவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? யாருமே மதிக்காத போர்டு, மதிக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்லிக்கொடுக்கும்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும் நம் பையன்கள், "அங்க போட்டா அபராதமுங்க" என்பார்கள். உண்மைதான். 1968-லேயே தூய்மை இயக்கம் தொடங்கிய நாடு அது. 1992 முதல், மாட்டியவர்களைப் பொது இடத்தில் கூட்ட வைக்கும் தண்டனையும் உண்டு. ஆனால் விடியுமுன்னே கூட்டிவிடும் துப்புரவுத் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் கப் நாலாகாமல் தடுப்பது அவர்கள் கைகள்தான்.

ஈரோட்டில் எங்கள் வீதி முக்கு, ட்ரான்ஸ்பார்மர் அடியில், வருஷக்கணக்கில் குப்பைமேடாகக் கிடந்தது. போன மார்கழியில் எதிர்வீட்டு அக்கா அதைக் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டார். மாதம் முடிந்தும் இடம் சுத்தமாகவே இருக்கிறது. "எப்படீங்க்கா?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஒரு பை கெடந்தா அப்பவே எடுத்துப் போட்டுருவேன் கண்ணு. விடியற வரைக்கும் உட்டா பத்தாயிரும்."