பேரத்தான மாத்தியிருக்கிய, வக்கீலய்யா?

பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடமாகச் சிவில் வழக்கு நடத்துகிறேன். சட்டத்தைச் சாதாரணத் தமிழில் முகநூலில் எழுதும் பழக்கமும் உண்டு. வெறும் பிரிவு எண்ணைப் போட்டால் ஒருவரும் சீந்த மாட்டார்கள். கதையோடு சொன்னால் படிப்பார்கள். வினையே அங்கேதான்.

ஒருமுறை வண்டிப்பாதை உரிமை பற்றி எழுதினேன். கட்சிக்காரர் பெயரை மாற்றினேன், ஊர்ப் பெயரையும் எடுத்தேன். ஆனால் கன்னடியன் கால்வாய்ப் பாசனம், வாழைத்தோட்டப் பாதையை மறித்த முள்வேலி, பம்பாயிலிருந்து திரும்பிய கொழுந்தன் எல்லாவற்றையும் விட்டுவைத்தேன். ருசி போய்விடக் கூடாதே! போதாக்குறைக்கு, கொஞ்சம் பணம் கொடுத்து ராஜியாகப் போகவும் கட்சிக்காரர் தயார் என்று ஒரு வரி வேறு.

மறுநாள் காலையில் அந்தக் கட்சிக்காரரான ஆச்சி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். “பேரத்தான மாத்தியிருக்கிய, வக்கீலய்யா? வாய்க்காலு, வாழை, பம்பாய்க் கொழுந்தன் எல்லாம் அப்படியேல்லா இருக்கு. சலூன்ல வச்சு வாசிச்சிருக்கானுவ.” எனக்குப் பதில் வரவில்லை. எதிர்த்தரப்பு கேட்ட தொகை அந்த வாரமே ஏறியது. (ஆச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாய்க்கால், பயிர், கொழுந்தன் எல்லாம் இந்தத் தடவை வேறு.)

வழக்கு என்றாலே பகிரங்கம்தானே என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். திறந்த கோர்ட்டில் பேசியதும் தீர்ப்பில் வந்ததும் பொதுவாகப் பகிரங்கம், சரி. ஆபீஸில் வழக்குக் கட்டைப் பிரித்து வைத்திருக்கும்போது கட்சிக்காரர் சொன்னது அப்படியல்ல. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-வது பிரிவாகியிருக்கிறது. கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் அவர் சொன்னதை நாம் வெளியே விடக் கூடாது. வழக்கு முடிந்து, அவர் வேறு வக்கீலிடம் போன பிறகும் அப்படித்தான். சட்டவிரோதக் காரியத்துக்காகவே சொன்ன பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. குமாஸ்தாவுக்கும் இதே விதி.

போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இன்னும் கறார். குழந்தையின் பெயர், முகவரி, படம் என்பதோடு நிற்காமல் குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டிவிடக்கூடிய வேறு எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது என்கிறது, சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தாலொழிய. இதை எழுதியவர் நம்ம பக்கத்துக்காரராக இருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜாமீன் வாங்கிக் கொடுத்த பெருமையை மாலையோடு போடுகிறவர்களுக்கு, விளம்பரத்தைத் தடுக்கும் பார் கவுன்சில் விதி 36 இருக்கிறது. 2008-ல் அதைத் திருத்தியபோதும் வலைத்தளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, நடத்தும் வழக்கு வகை போன்ற விவரங்களுக்குத்தான் இடம் கொடுத்தார்கள்.

கட்சிக்காரர்களுக்கும் ஒன்று. வக்கீல் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடாதீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் வாதியும் பிரதிவாதியும் அதே குரூப்பில்தான் இருப்பார்கள்.

இப்போதெல்லாம் எழுதியதைப் போடும் முன் என் குமாஸ்தாவிடம் நீட்டுகிறேன். அவர் பத்தமடைக்காரர், ஆத்தங்கரை ஊர்கள் அத்துப்படி. போன வாரம் கொடுத்தது, அவர் என்னிடம் சேருவதற்கு வெகுகாலம் முந்தைய வழக்கு. கட்டையே அவர் பார்த்ததில்லை. இரண்டு பத்தி படித்தார். ஊரைச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெருவையும் சொன்னார்.

அழித்துவிட்டேன்.