ஒரே பூச்சி, மூன்று நிறம்

மெக்சிகோ போய்வந்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வஹாகா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். ஒரு அம்மா காய்ந்த மணிகளை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், ரத்தச் சிவப்பு. எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சு. ஏதோ வெள்ளைப் பொடியைத் தூவினார், ஊதா. எலுமிச்சையில் முன்பே எதையாவது கலந்து வைத்திருந்தார்களா? டூரிஸ்ட்டுகளுக்கான கண்கட்டு வித்தைதானே?"

இல்லை. அவர்கள் எதையும் கலக்கவில்லை. நசுங்கியது ஒரு பூச்சி, நிறம் மாறியது பள்ளிக்கூட வேதியியல். ஆனால் அந்தப் பாடத்தில் இவ்வளவு அழகான உதாரணம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் இடம். வஹாகா தெற்கு மெக்சிகோவில் ஒரு மாநிலம், தலைநகருக்கும் அதே பெயர். நகரத்தை ஒட்டிய மலை உச்சியில் மோந்தே அல்பான் என்ற பழைய நகரம் இருக்கிறது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சபோதெக் மக்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு கட்டத் தொடங்கியது. கிழக்கே போனால் மித்லா என்ற இன்னொரு பழைய ஊர். அங்கே சுவர் முழுக்க படிக்கட்டுக் கோலங்கள். வெட்டிய சின்னச் சின்னக் கற்களைச் சாந்து இல்லாமலே இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் தியோதித்லான் தெல் வாயே என்ற நெசவாளர் ஊர். மித்லா சுவரின் அதே கோலங்கள் இந்த ஊர்க் கம்பளங்களில் சிவப்பும் கறுப்புமாக விழுகின்றன. வாசகர் போனது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

பூச்சியின் பெயர் கோச்சினீல். நம் பப்பாளியையும் செம்பருத்தியையும் பிடிக்கும் மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். சப்பாத்திக்கள்ளியின் பட்டையான தண்டில் உறிஞ்சியைச் செருகிய பெண் பூச்சி, அதன்பின் இடம் பெயர்வதே இல்லை. இறக்கை கிடையாது. வெள்ளை மெழுகுப் பஞ்சைச் சுரந்து போர்த்திக்கொண்டு, அங்கேயே தின்று, அங்கேயே குஞ்சு பொரித்து முடித்துவிடும். ஆணுக்கு இறக்கை உண்டு, வாய் கிடையாது; இணை சேர்ந்ததும் அதன் கதை முடிந்தது. சாயத்துக்கு வேண்டியது பெண்தான். சுமார் மூன்று மாதத்தில் சுரண்டியெடுத்து உலர்த்துகிறார்கள். காய்ந்தபின் மிளகில் பாதி அளவுக்குச் சாம்பல் பூத்த சுருங்கிய மணியாகிவிடும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சி. அந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு கார்மினிக் அமிலம் என்ற ஒரே பொருள்!

கள்ளிப்பழத்தைத் தின்பதால்தான் பூச்சி சிவந்துபோகிறது என்று பலர் நம்புகிறார்கள். வஹாகாவில் சோலெதாத் தேவாலயத்துக்கு முன்னால் விற்கும் ஐஸைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். கள்ளிப்பழ ஐஸ் அப்படி ஒரு சிவப்பு. ஆனால் பழத்தின் சிவப்பு பீட்டாலைன். பீட்ரூட்டில் இருக்கும் அதே நிறமிக் குடும்பம். பூச்சியின் சிவப்பு வேறு, அது அந்தக் கார்மினிக் அமிலம். பழத்தைத் தொடாமல் பச்சைத் தண்டின் சாற்றை மட்டும் குடித்தாலும் பூச்சி சிவப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் சாயம் அதன் உடம்பிலேயே தயாராகிறது. அந்தச் சாயத்தில் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டவைக்கும் நொதியின் மரபணுவை 2017ல்தான் அடையாளம் கண்டார்கள்.

ஓட முடியாத பூச்சி எதற்கு இவ்வளவு சாயம் சேர்க்க வேண்டும்? 1980ல் தாமஸ் ஐஸ்னர் என்ற பூச்சியியலாளரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்தார்கள். சர்க்கரைத் தண்ணீரில் கார்மினிக் அமிலத்தைக் கலந்து எறும்புக்கு வைத்தார்கள். எறும்பு ஒதுங்கிப் போனது. ஆக, சாயம் ஒரு கேடயம். ஆனால் ஒரு அந்துப்பூச்சியின் புழு இந்தக் கேடயத்துக்கு மசியாமல் கோச்சினீலையே தின்கிறது. தின்ற சாயத்தை வயிற்றில் வைத்திருந்து, எறும்பு வந்து கடித்தால் அதன்மேல் கக்குகிறது! எறும்பு எதைக் குடிக்காது என்று பார்க்கக் காசு கேட்டால் நம் ஊர் நிதிக் குழுக்கள் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே கேட்டு இப்படிப்பட்ட ஆய்வுகளை முளையிலேயே கிள்ளிவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

சரி, உள்ளங்கைக்கு வருவோம்.

கார்மினிக் அமிலத்தின் நடுப்பகுதி, பக்கம் பக்கமாக ஒட்டிய மூன்று கார்பன் வளையங்கள். வளையங்களைச் சுற்றி ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சில ஜோடிகள் தொங்குகின்றன. இந்த மூன்று வளையங்களிலும் சில எலெக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் மொத்த மூலக்கூறிலும் பரவிக் கிடக்கின்றன. வெளிச்சம் படும்போது இவை ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றலை மட்டும் விழுங்கி மேல்மட்டத்துக்கு ஏறும். எந்த ஆற்றல் என்பது கீழ்மட்டத்துக்கும் மேல்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. விழுங்கியது போக மிஞ்சும் ஒளிதான் நம் கண்ணுக்கு நிறம்.

எலுமிச்சைச் சாறு புளிப்பு. அதில் ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம். அதனால் மூலக்கூறின் ஆக்சிஜன்கள் தங்கள் ஹைட்ரஜன்களை விடாமல் வைத்திருக்கின்றன. இந்த நிலையில் இடைவெளி பெரியது; நீலமும் நீலப்பச்சையும் உள்ளே போய்விடும். மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும், அதாவது ஆரஞ்சு.

இப்போது சோடா மாவையோ சுண்ணாம்பையோ தூவுங்கள். காரம் ஹைட்ரஜன் அயனிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது. ஹைட்ரஜனை இழந்த ஆக்சிஜனிடம் எதிர் மின்சுமை தங்கிவிடுகிறது. அது அந்த உபரி எலெக்ட்ரானை வளையங்களுக்குள் தள்ளிவிடுகிறது. பரவல் கூடுகிறது, இடைவெளி சுருங்குகிறது. இனி நீலத்தை விழுங்க வேண்டியதில்லை, அதைவிட ஆற்றல் குறைந்த பச்சையே போதும். பச்சை போனால் மிஞ்சுவது நீலமும் சிவப்பும். இரண்டும் கலந்தால் ஊதா. ஹைட்ரஜன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கழல்வதில்லை, புளிப்பு குறையக் குறைய ஒன்றன்பின் ஒன்றாகக் கழல்கின்றன. அதனால்தான் நடுவில் அந்த ரத்தச் சிவப்பு. பூச்சிக்குள் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. மறுபடி எலுமிச்சை பிழிந்தால் ஹைட்ரஜன்கள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும், ஊதா ஆரஞ்சுக்கே திரும்பிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான், மூலக்கூறு மட்டும் வேறு.

உள்ளங்கையில் இத்தனை சுலபமாக நிறம் மாறும் சாயம் கம்பளத்தில் எப்படி நிற்கிறது? அதற்குப் படிகாரம். கம்பளி நூலை முதலில் படிகாரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒருபக்கம் கம்பளியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சாயத்தில் முக்கும்போது, மறுபக்கம் கார்மினிக் அமிலத்தின் பக்கத்துப் பக்கத்து ஆக்சிஜன்களைக் கவ்விக்கொள்ளும். சாயம், உலோகம், நூல் மூன்றும் ஒரே பூட்டு. படிகாரம் இல்லாமல் முக்கினால் சோப்புத் தண்ணீரில் பாதி போய்விடும். அலுமினியத்துக்குப் பதில் வெள்ளீயம் சேர்ந்தால் நிறம் கண்ணைப் பறிக்கும் செந்நிறமாகும். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சாயக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துக் கொழித்தார்கள். இத்தனை வேலை செய்யும் படிகாரத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டி, கண் திருஷ்டி போகும் என்று கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். திருஷ்டி போகிறதோ இல்லையோ, மழைத் தண்ணீர் பட்டால் கரைந்துபோகிறது.

ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவைப் பிடித்தபின் வெள்ளிக்கு அடுத்தபடியாகக் கப்பலேறிய சரக்கு இந்தப் பூச்சிதான். அது விதையா பூச்சியா என்றுகூட ஐரோப்பாவில் ரொம்ப காலம் சண்டை. டச்சு நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் போன்றவர்கள் நுண்ணோக்கியில் வைத்துக் கால்களையும் முட்டைகளையும் பார்த்தபிறகுதான் அது அடங்கியது. 1777ல் தியெரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வஹாகாவரை வந்து, உயிருள்ள பூச்சியைக் கள்ளியோடு கடத்திக்கொண்டு போனார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை விடவில்லை. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். ஆனால் 1795ல் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது அசல் இனமில்லை. சாயம் குறைந்த காட்டு இனம். சாய வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சியோ கள்ளி வகை ஒன்றைப் பொட்டல் பொட்டலாகத் தின்று தீர்த்தது. களையை ஒழிக்கப் பூச்சியை ஏவலாம் என்று உலகம் முதலில் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. அது தொடாத இன்னொரு சப்பாத்திக்கள்ளி வயலெல்லாம் பரவியபோது, 1926ல் இலங்கை வழியாக வேறொரு கோச்சினீல் இனத்தைக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பூச்சி இன்னும் நம்மிடம் இருக்கிறது. கரட்டுப் பக்கமோ ஏரிக்கரையிலோ சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தால், தண்டில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குச்சியால் சுரண்டி வெள்ளைத் தட்டில் நசுக்குங்கள், சிவப்பு வரும். மெழுகு அதிகம், சாயம் குறைவு என்பதால் வஹாகா அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. ஆனால் எலுமிச்சைக்கும் சோடா மாவுக்கும் அதே மாதிரி நிறம் மாறும். கையால் மட்டும் தொடாதீர்கள். கள்ளியின் பெரிய முள் கண்ணுக்குத் தெரியும். அதன் அடியில் கொத்தாக இருக்கும் பொடிமுள் தெரியாது, ஏறினால் இடுக்கி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.