தணிக்கையா, கணக்காய்வா?

அமெரிக்காவின் கொரோனா நிவாரணப் பணம் எங்கே போனது என்று தமிழில் யார் எழுதினாலும் 'நிதி தணிக்கை செய்யப்பட்டது' என்றே எழுதுகிறார்கள். எனக்கு உடனே சினிமாதான் ஞாபகம் வருகிறது. கத்தரிக்கோல், வெட்டு, சான்றிதழ். வெட்டி மறைப்பதற்கும் தோண்டி வெளியே எடுப்பதற்கும் ஒரே சொல் என்றால் எப்படி?

தணிக்கை என்று மொழிபெயர்க்கிறார்களே, அந்த 'ஆடிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் 'கேட்டல்'. அந்தக் காலத்தில் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சரிபார்த்தார்கள். அது போகட்டும். தணிக்கை 'தணி' என்ற வினையிலிருந்து வந்த சுத்தத் தமிழ் என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள். இல்லை. அது அரபியின் 'தன்கீஹ்'. தெலுங்கில் 'தனிகீ' ஆகவும் இருக்கிறது. அதற்காக அதைத் தள்ளச் சொல்லவில்லை, வசூல், ஜாமீன் எல்லாம் நம்மிடம் நன்றாகத்தானே வாழ்கின்றன. என் சண்டை தெளிவுக்காக.

2020 மார்ச்சில் அமெரிக்கா ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி டாலருக்கு நிவாரணச் சட்டம் போட்டது. பணம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்று, சிறுதொழில் கடனை விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழியை நம்பியே கொடுத்தார்கள். செலவைத் தொடர்ந்து பார்க்க அதே சட்டம் ஒரு குழுவையும் அமைத்தது. சந்தேகத்துக்குரிய 69,323 சமூகப் பாதுகாப்பு எண்களை (அங்கே ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் எண்) காட்டிச் சுமார் 540 கோடி டாலர் வாங்கியிருக்கிறார்கள் என்று 2023 ஜனவரியில் அந்தக் குழு சொன்னது. அதே ஆண்டு, இந்தக் கடன்களுக்குப் பொறுப்பான அரசு அமைப்பாகிய சிறுதொழில் நிர்வாகத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், கொடுத்த கடனில் 20,000 கோடி டாலருக்கு மேல் மோசடியாக இருக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணோடு எண்ணைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்த வேலை இது. இதில் எதை வெட்டினார்கள்?

கணக்காய்வு என்றால் முடிந்தது. 'அது இலங்கைத் தமிழ், இங்கே புரியாது' என்பார்கள். கணக்கு புரியாதா, ஆய்வு புரியாதா? அங்கே கணக்காய்வாளர் தலைமை அதிபதி என்று அரசுப் பதவியே இருக்கிறது. சோழர் கல்வெட்டிலும் கோயில் 'ஸ்ரீகார்யம் ஆராய்கின்ற', அதாவது கோயில் காரியங்களை ஆராய்கின்ற, அதிகாரி வருகிறார், 'தணிக்கை செய்கின்ற' அதிகாரி இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

அப்புறம், இரண்டையும் விட்டுவிட்டு 'கண்காணிப்பு' என்று எழுதுபவர்களும் உண்டு. பணம் போகும்போதே கூடவே நின்று பார்ப்பதுதான் கண்காணிப்பு. அமெரிக்கச் சிறுதொழில் கடனில் பெரும்பகுதியைப் பணம் போன பிறகுதான் துருவினார்கள். அதற்குக் கண்காணிப்பு என்று பேர் வைப்பது அமெரிக்க அரசுக்குச் செய்யும் உபகாரம்.